பெரிய எழுத்தெல்லாம் தலைப்பாகுமா?

மாணவ நண்பர்களே, இந்தக் கட்டுரைக்குள் நுழையுமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு நாளிதழும் ஒரு நண்பரும் போதும்.

நீங்கள் கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் நாளிதழின் முதல் பக்கத்தை மேலிருந்து கீழாக, ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசிக்கட்டும். 'இது தலைப்பு', 'இது விளம்பரம்', 'இது அடுத்த செய்தி' என்று எதையும் அவர் சொல்லக்கூடாது. படம் வந்தால் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகட்டும். ஐந்து நிமிடம் கழித்து, 'இன்றைய முக்கியச் செய்தி எது?' என்று அவர் உங்களைக் கேட்கட்டும்.

உங்களால் விடை சொல்ல முடியாது. அமைச்சரின் பேச்சும் தங்கத்தின் விலையும் ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் உங்கள் காதில் ஒன்றாகக் கலந்திருக்கும். இப்போது கண்களைத் திறந்து அதே பக்கத்தைப் பாருங்கள். முக்கியச் செய்தி எது, விளம்பரம் எது, எந்தப் படம் எந்தச் செய்திக்கு உரியது என்பதெல்லாம் இமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடுகிறது. சொற்கள் அதே சொற்கள்தாம். அப்படியானால் கண்ணுக்குக் கிடைத்து, காதுக்குக் கிடைக்காமல் போனது எது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

நான் செய்த பிழை

நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் வலைப்பக்கத்தில் தேர்வு அறிவிப்புகளை வெளியிடும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பருவத்தில் தேர்வு அட்டவணையில் இரண்டு தாள்களின் தேதிகளை இடம் மாற்ற நேர்ந்தது. திருத்திய அட்டவணையைத் தட்டச்சு செய்து, கையொப்பம் பெற்று, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து வலைப்பக்கத்தில் போட்டேன். படம் தெளிவாகத்தான் இருந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தேர்வுகள் முடிந்த பிறகு, வரலாற்றுத் துறையில் இரண்டாம் ஆண்டு படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கைப்பேசியில் எதையும் தாமாகவே கேட்டுத் தெரிந்துகொள்பவர். ஆனால் நான் போட்ட அறிவிப்பு அவருக்கு 'படம்' என்ற ஒரே சொல்லாகத்தான் கேட்டிருக்கிறது. அறைத் தோழர் ஊருக்குப் போயிருந்தார்; வாசித்துச் சொல்ல வேறு யாரும் இல்லை. பழைய அட்டவணையை நம்பித் தேர்வு அறைக்குப் போனவருக்கு, தமக்காக எழுத வந்தவர் வினாத்தாளின் தலைப்பை வாசித்தபோதுதான் அன்று நடப்பது வேறு பாடம் என்று தெரிந்தது. ஒரு பாடத்துக்குப் படித்துவிட்டு மற்றொரு பாடத்தை எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

"கோபமில்லை சார். அடுத்த முறை எழுத்தாகப் போடுங்கள். அது போதும்," என்றார்.

நானும் அடுத்த முறை எழுத்தாகவே போட்டேன். இடப்பக்கம் ஒரு பெட்டியில் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவும், வலப்பக்கம் இன்னொரு பெட்டியில் பாடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாகவும் எழுதினேன். கண்ணுக்கு நேர்த்தியான அட்டவணை. மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "சார், தேதி எல்லாம் வந்துவிட்டது. பாடம் எல்லாம் வந்துவிட்டது. எந்தத் தேதியில் எந்தப் பாடம் என்பதுதான் வரவில்லை!"

அவருடைய கைப்பேசி முதலில் பன்னிரண்டு தேதிகளையும் வரிசையாக வாசித்திருக்கிறது. பிறகு பன்னிரண்டு பாடங்களையும் வாசித்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிந்த அட்டவணை, கணிப்பொறியைப் பொறுத்தவரை அட்டவணையே அன்று. அன்றுதான் நான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன்.

கண் ஒரு பரப்பு. காது ஒரு கோடு

இதில் ஓர் இயற்பியல் உண்மை அடங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது அதன் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வரும் ஒளி ஒரே நேரத்தில் விழித்திரையில் விழுகிறது. எனவே கண் முழுப் பக்கத்தையும் மேலோட்டமாகப் பார்த்து, பெரிய எழுத்து எங்கே, கட்டம் எங்கே, படம் எங்கே என்று கண்டுகொண்டு, வேண்டிய இடத்துக்குத் தாவிச் செல்கிறது.

ஒலி அப்படிப்பட்டதன்று. அது காலத்தில் அடுத்தடுத்து வரும் அழுத்த மாற்றம். ஒரு சொல் முடிந்த பிறகுதான் அடுத்த சொல். நிமிடத்துக்கு 150 சொற்கள் வீதம் வாசித்தால், 1,500 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைக் கேட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். வேண்டிய செய்தி கடைசிப் பத்தியில் இருந்தால், அதைக் கண்ணால் தேடுபவருக்குச் சில நொடி. காதால் தேடுபவருக்குப் பத்து நிமிடம். பழகியவர்கள் வாசிப்பின் வேகத்தைப் பலமடங்கு கூட்டி வைத்துக் கேட்பார்கள். நமக்கு அது புரியாது. ஆயினும் வேகம் கூடினாலும் கோடு கோடுதான். அந்தக் கோட்டில் வேண்டிய இடத்துக்குத் தாவ வேண்டுமானால், வழியில் மைல்கற்கள் நட்டிருக்க வேண்டும். அந்த மைல்கற்களை நடுபவர் யார்? பக்கத்தை எழுதுபவர்தான்.

பேசும் கணிப்பொறி

பார்வையற்றவர்கள் படிப்பதற்கு வழி கண்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் பிரான்ஸ் நாட்டின் லூயி பிரெயில். 1809இல் பிறந்த அவர் சிறு குழந்தையாக இருந்தபோது தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தார். 1824இல், 15 வயதில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கினார். ஆறே புள்ளிகள், ஒவ்வொன்றும் மேடாக இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம். எனவே 2 இன் அடுக்கு 6, அதாவது 64 அமைப்புகள். கணிப்பொறியின் இரும எண்முறையை இது உங்களுக்கு நினைவூட்டுகிறது அல்லவா? தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது.

இன்று கணிப்பொறியும் கைப்பேசியும் பேசுகின்றன. அவற்றைப் பேசவைக்கும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். 2006இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் 'டாக்பேக்', ஐபோன்களில் 'வாய்ஸ்ஓவர்' ஆகியவை இருக்கின்றன. பேச்சுக்குப் பதிலாக, விரலுக்கடியில் புள்ளிகள் எழுந்து தாழும் பிரெயில் பலகையையும் கணிப்பொறியோடு இணைக்கலாம். மின்னழுத்தம் தந்தால் வளையும் அழுத்தமின் படிகங்கள் அந்தப் புள்ளிகளைத் தூக்கி இறக்குகின்றன. கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்த அழுத்தமின் விளைவு எங்கே வந்து பயன்படுகிறது, பாருங்கள்!

'திரைவாசிப்பான்' என்ற பெயர் சற்றே ஏமாற்றும் பெயர். அது திரையில் தெரியும் உருவத்தைப் பார்ப்பதில்லை. வலைப்பக்கத்துக்குள் மறைந்திருக்கும் குறிகளை உலாவி படித்து, 'இது தலைப்பு, இது பத்தி, இது பொத்தான்' என்று ஒரு மரம்போல அடுக்கி வைக்கிறது. அந்த மரத்தைத்தான் திரைவாசிப்பான் வாசிக்கிறது. மரத்தில் இல்லாதது அதற்குத் தெரியாது.

குறிகளின் கதை

அந்தக் குறிகள் எவை? அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கோத்த நாட்களில் ஆசிரியர் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் 'இது தலைப்பு', 'இங்கே புதுப் பத்தி' என்று குறித்து அனுப்புவார். அச்சுக்கோப்பவர் அதைப் பார்த்து எழுத்தைத் தேர்ந்தெடுப்பார். இப்படிக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் 'மார்க்கப்' என்று பெயர். வலைப்பக்கம் எழுதப்படும் எச்.டி.எம்.எல். மொழியின் பெயரில் உள்ள நான்கு எழுத்துக்களில் 'எம்' என்பது இந்த மார்க்கப்தான்.

வலையும் இயற்பியலாளர்களிடையே பிறந்ததுதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் இதற்கான திட்டத்தை எழுதினார். அங்கே பல வகையான கணிப்பொறிகள் இருந்தன. சிலவற்றின் திரையில் எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. எல்லாவற்றிலும் ஒரே ஆவணத்தைப் படிக்க வேண்டுமானால், 'இது இவ்வளவு பெரிதாக, இந்த நிறத்தில்' என்று சொல்லிப் பயனில்லை. 'இது தலைப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை எப்படிக் காட்டுவது என்பதை அந்தந்தக் கணிப்பொறியிடம் விட்டுவிட வேண்டும். தொடக்க கால எச்.டி.எம்.எல்.லில் முதல்நிலைத் தலைப்பு முதல் ஆறாம்நிலைத் தலைப்பு வரை ஆறு தலைப்புக் குறிகளும், பத்திக்கும் பட்டியலுக்கும் இணைப்புக்கும் குறிகளும் இருந்தன.

வலை பரவியதும் எல்லோரும் அழகை நாடினார்கள். எழுத்தின் பருமனையும் நிறத்தையும் சொல்லும் குறிகள் 1990களில் உள்ளே புகுந்தன. பொருளைச் சொன்ன குறிகள் பின்னுக்குப் போய், தோற்றத்தைச் சொன்ன குறிகள் முன்னுக்கு வந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தோற்றத்துக்கென்றே சி.எஸ்.எஸ். என்ற தனி மொழி 1996இல் தரப்படுத்தப்பட்டது. அதன் தத்துவம் எளிது: எச்.டி.எம்.எல். 'இது என்ன' என்று சொல்லட்டும்; சி.எஸ்.எஸ். 'இது எப்படித் தெரிய வேண்டும்' என்று சொல்லட்டும். தலைப்பைச் சிவப்பாகவோ சிறியதாகவோ எப்படி வேண்டுமானாலும் காட்டலாம். அது தலைப்பாகவே இருக்கும்.

இப்போது நம் கட்டுரைத் தலைப்புக்கு விடை தெரிந்திருக்கும். வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்கிய எழுத்து தலைப்பாகாது. கண்ணுக்குத் தலைப்புப் போலத் தெரியும், அவ்வளவே. தலைப்புக் குறி இட்டதுதான் தலைப்பு. அக்குறி இருந்தால், என்.வி.டி.ஏ. பயன்படுத்துபவர் விசைப்பலகையில் 'எச்' விசையைத் தட்டித் தட்டி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவிச் செல்வார். '1', '2' என்ற எண் விசைகளைத் தட்டினால் அந்தந்த நிலைத் தலைப்புக்குப் போகலாம். நாம் கண்ணால் பக்கத்தை மேய்வதற்கு இணையானது இதுதான். மைல்கல் என்று நான் சொன்னது இதைத்தான்.

அட்டவணையும் மற்றவையும்

அட்டவணைக்கு வருவோம். உங்கள் மதிப்பெண் பட்டியலை ஒருவர் '78, 64, 71, 83, 90' என்று வாசித்தால் உங்களுக்கு என்ன புரியும்? எது கணக்கு, எது அறிவியல்? அட்டவணைக் குறி இட்டு, அதன் தலைப்புக் கட்டங்களையும் 'இவை தலைப்புக் கட்டங்கள்' என்று குறித்துவிட்டால், திரைவாசிப்பான் ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும்போது 'கணக்கு, 71' என்று தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். நான் இரண்டாவது முறை செய்த பிழை இதுதான்: அட்டவணையின் தோற்றத்தைத் தந்தேன், அட்டவணையைத் தரவில்லை.

இணைப்புகளைப் பாருங்கள். திரைவாசிப்பான் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் தொகுத்துப் பட்டியலாகத் தரும். எல்லா இணைப்புகளும் 'இங்கே சொடுக்கவும்' என்றே இருந்தால், 'இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்' என்றுதான் கேட்கும். 'ஏப்ரல் தேர்வு அட்டவணை' என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும்.

படங்களுக்கு 'மாற்று வாசகம்' என்று ஒன்று உண்டு. அது திரையில் தெரியாது, திரைவாசிப்பான் வாசிக்கும். அதை எழுதுவது ஒரு கலை. மின்சுற்றுப் படத்துக்கு 'மின்சுற்று' என்று எழுதினால் போதாது. 'ஒரு மின்கலத்தோடு இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில்' என்று எழுதினால் பாடம் புரியும். அழகுக்காக மட்டும் போட்ட பூங்கொடிப் படத்துக்கு வாசகமே வேண்டாம். 'காலி' என்று விட்டுவிட்டால் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'இது என்ன படம்?' என்பதன்று, 'இந்தப் படம் இங்கே என்ன சொல்கிறது?' என்பதே.

விண்ணப்பப் படிவத்தில் 'பெயர்' என்ற சொல்லைப் பெட்டிக்கு அருகில் எழுதினால் மட்டும் போதாது. 'இந்தச் சொல் இந்தப் பெட்டிக்கு உரியது' என்று குறியால் முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் பத்துப் பெட்டிகளும் பெயரற்ற பெட்டிகளே. அதேபோல், ஒரு கட்டத்துக்கு நிறம் பூசிப் பொத்தான் போலக் காட்டினால், சுட்டியைப் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவரால் அங்கே போகவே முடியாது. பொத்தான் குறியைப் பயன்படுத்தினால் 'டேப்' விசை அங்கே கொண்டுபோய் நிறுத்தும்; 'என்டர்' தட்டினால் வேலை செய்யும்; திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று சொல்லும். மூன்று பயனும் ஒரே குறியால், கூடுதல் உழைப்பின்றிக் கிடைக்கின்றன.

நிறத்துக்கும் ஒரு கணக்கு

எல்லோரும் முற்றிலும் பார்வையற்றவர்கள் அல்லர். பார்வை மங்கியவர்கள் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. 'சிவப்பில் உள்ளவை கட்டாயம் நிரப்ப வேண்டியவை' என்று மட்டும் எழுதினால் அவர்களுக்குப் பயனில்லை. நிறத்தோடு ஒரு சொல்லையோ குறியையோ சேர்க்க வேண்டும்.

எழுத்தும் பின்னணியும் போதிய அளவு வேறுபடுகின்றனவா என்பதை அளக்க ஒரு வாய்பாடு உண்டு. வெண்மையின் ஒளிர்வை 1 என்றும் கருமையின் ஒளிர்வை 0 என்றும் கொள்வோம். திரையின் தூய சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722. மூன்றையும் கூட்டினால் 1 வருகிறது, சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் கண் பச்சைக்கு அதிகமாகவும் நீலத்துக்குக் குறைவாகவும் உணர்வுள்ளது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. இரண்டு ஒளிர்வுகளோடும் 0.05ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் வருவது வேறுபாட்டு விகிதம்.

வெள்ளையில் கறுப்பு: 1.05 ÷ 0.05 = 21. இதுவே உச்ச அளவு.
வெள்ளையில் நீலம்: 1.05 ÷ 0.1222 = 8.6.
வெள்ளையில் சிவப்பு: 1.05 ÷ 0.2626 = 4.0.
வெள்ளையில் மஞ்சள்: மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. எனவே 1.05 ÷ 0.9778 = 1.07.

சாதாரண அளவுள்ள எழுத்துக்கு இந்த விகிதம் 4.5க்குக் குறையக்கூடாது என்பது உலக அளவில் பின்பற்றப்படும் விதி. நீலம் தேறுகிறது, சிவப்பு மயிரிழையில் தவறுகிறது, மஞ்சளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளி விழா அழைப்பிதழில் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துப் போடலாமா என்று இனி நீங்களே கணக்கிட்டுச் சொல்லிவிடலாம்.

இந்த விதிகளை வகுப்பது வலையின் தரங்களை வகுக்கும் 'டபிள்யூ3சி' என்ற அமைப்பு. முதல் பதிப்பு 1999இலும் இரண்டாம் பதிப்பு 2008இலும் வந்தன, 2.2 பதிப்பு 2023இல் வந்தது. உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, புரியத்தக்கதாக, எந்தக் கருவியிலும் உறுதியாக நிற்பதாகப் பக்கம் இருக்க வேண்டும் என்பவை அவற்றின் நான்கு தூண்கள். விதிகள் இருந்தும் நிலைமை திருப்தியாக இல்லை. வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு 2024இல் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது, 95.9 சதவீதப் பக்கங்களில் குறைகள் தென்பட்டன. மிக அதிகமாகக் காணப்பட்டது நாம் மேலே கணக்கிட்ட நிறவேறுபாட்டுக் குறையே.

தமிழுக்கு நேர்ந்த கதை

தோற்றம் வேறு, பொருள் வேறு என்பதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்துக்களின் உருவங்களை வரைந்து வைத்தார்கள். அதில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். ஆனால் கணிப்பொறி உள்ளே சேமித்து வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும்தான்! கண்ணுக்குத் தமிழ், கணிப்பொறிக்குப் பொருளற்ற ஆங்கிலம். திரைவாசிப்பான் அதைத் தமிழாக எப்படி வாசிக்கும்? தேடினாலும் அந்தச் சொல் கிடைக்காது.

யூனிகோடு முறையில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் அதற்கே உரிய எண் உண்டு. 'த' என்ற எழுத்தின் எண் 2980. அதை எந்த எழுத்துருவில் காட்டினாலும் அது 'த'வாகவே இருக்கும். பாமினியிலோ 'த'வின் உருவம் இருந்த இடம் 106. அது ஆங்கில 'ஜே'யின் எண். எனவே தமிழில் எழுதும்போது யூனிகோடில் எழுதுங்கள். வலைப்பக்கத்தில் 'இதன் மொழி தமிழ்' என்ற குறியையும் இடுங்கள். அப்போதுதான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும்.

யாருக்காக?

"சிலருக்காக இவ்வளவு சிரமமா?" என்று யாரேனும் கேட்கலாம். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தேர்வு முடிவும் கல்லூரி விண்ணப்பமும் வேலை அறிவிப்பும் ரயில் முன்பதிவும் வலைக்குப் போய்விட்ட காலத்தில், படிக்க முடியாத பக்கம் என்பது பூட்டிய கதவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்கள் அவர்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வழி செய்யச் சொல்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. ஆகவே இது தயவு அன்று, உரிமை.

தவிரவும், இதனால் பயனடைவோர் அவர்கள் மட்டும் அல்லர். சக்கர நாற்காலிக்காக அமைத்த சாய்தளத்தில் பெட்டியை இழுத்துச் செல்லும் பயணியும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும் ஏறிப்போவதைப் பார்த்திருக்கிறீர்கள். அதுபோலத்தான் இதுவும். சரியான குறிகள் இட்ட பக்கம் சிறிய கைப்பேசித் திரையிலும் ஒழுங்காக மடங்கி நிற்கும். இணைய வேகம் குறைந்து படம் வராவிட்டால் மாற்று வாசகம் தெரியும். தேடுபொறியும் ஒரு வகையில் கண்ணில்லாத வாசகர்தான். அதுவும் குறிகளைப் பார்த்தே பக்கத்தைப் புரிந்துகொள்கிறது. கண்புரை வந்த உங்கள் தாத்தாவுக்கு நல்ல நிறவேறுபாடு வேண்டும். நாளை நமக்கும் வயதாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எழுத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக மட்டும் தலைப்புக் குறியைப் பயன்படுத்துவதும் பிழையே. அது ஊர் இல்லாத இடத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை நடுவதற்கு ஒப்பாகும். குறி பொய் சொல்லக்கூடாது.

நீங்கள் செய்து பாருங்கள்

முதல் சோதனை: கணிப்பொறியின் சுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, 'டேப்' விசையையும் 'என்டர்' விசையையும் மட்டும் கொண்டு உங்களுக்குப் பிடித்த இணையதளத்தில் ஒரு பக்கத்தைத் திறக்க முயலுங்கள். எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா?

இரண்டாம் சோதனை: பெரியவர்களின் அனுமதியோடு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் டாக்பேக்கை இயக்குங்கள். ஒருமுறை தொட்டால் அது பெயரைச் சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். விரலை வலப்பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும். இயக்குமுன் அதை நிறுத்தும் வழியையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பள்ளியின் வலைப்பக்கத்தில் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் சோதனை: அடுத்த முறை செயல்திட்ட அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்யும்போது, தலைப்பைத் தேர்ந்தெடுத்து 'தடிமன்' பொத்தானை அழுத்தாதீர்கள். 'ஸ்டைல்ஸ்' பகுதியில் உள்ள 'ஹெடிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அறிக்கை முடிந்ததும் பொருளடக்கத்தை மென்பொருளே ஒரு நொடியில் தயாரித்துத் தரும். ஏன் தெரியுமா? எது தலைப்பு என்று முதன்முறையாக நீங்கள் அதற்குச் சொல்லியிருக்கிறீர்கள்!

என் மாணவரின் கதையை முடிக்கவில்லையே. மூன்றாவது முறை நான் முறையான அட்டவணைக் குறிகளோடு, தலைப்புக் கட்டங்களையும் குறித்து, தேர்வு அட்டவணையை வெளியிட்டேன். வெளியிடுமுன் அவரை அழைத்து என் மேசையருகே உட்காரவைத்தேன். அவர் கைப்பேசியைக் காதில் வைத்து, விரலை மெல்லத் தேய்த்துக்கொண்டே போனார். 'தேதி, நவம்பர் 12. பாடம், இந்திய வரலாறு' என்று அது சொல்லிக்கொண்டு போனது. கடைசி வரி வந்ததும் நிறுத்தினார்.

"சார், இதில் ஒரு தவறு இருக்கிறது. ஒன்பதாம் வரியும் பத்தாம் வரியும் ஒரே தேதி," என்றார்.

பார்த்தேன். உண்மைதான். நானும் அலுவலகத்தில் இருவரும் கண்ணால் சரிபார்த்துக் கையொப்பமிட்ட அட்டவணை அது. திருத்திவிட்டு வெளியிட்டேன்.